கேள்வி – பதில்: சுதந்திரம் பேசியவர்களும் பேரரசும்

சென்ற இதழில் 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் சிந்தனையாளர் ஜான் ஸ்டூவர்ட் மில்லைப் பற்றி எழுதிய ஒரு சிறு பதிலில், அவர் கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்தவர் என்று போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தேன். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பற்றியவை. ஆகவே இந்தப் பக்கங்கள் முழுவதையும் அந்த ஒரே விஷயத்துக்கு ஒதுக்குகிறேன்.

எங்கள் அரசியல் அறிவியல் பாடத்தில் மில்லின் ‘சுதந்திரம் பற்றி’ என்ற நூல் இருக்கிறது. தனிமனித உரிமைக்காக அவ்வளவு தூரம் வாதாடிய ஒருவர் கம்பெனியின் சம்பளத்தில் எப்படி இருக்க முடிந்தது? வயிற்றுப்பாட்டுக்காகச் செய்த வேலையா, மனதார ஆதரித்தாரா?
— கல்லூரி மாணவி, திருச்சி

மனதார ஆதரித்தார். வயிற்றுப்பாடு என்று சொல்லி அவரைக் காப்பாற்ற முடியாது. அப்படி ஒரு சலுகையை அவரே கேட்கவில்லை.

1823-இல், 17 வயதில், லண்டன் லெடன்ஹால் தெருவிலிருந்த கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் அவர் எழுத்தராகச் சேர்ந்தார். அவருடைய தந்தை ஜேம்ஸ் மில் ஏற்கெனவே அங்கே பொறுப்பான பதவியில் இருந்தார். இந்தியாவில் காலடி வைக்காமலேயே பிரிட்டிஷ் இந்தியாவின் வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதி 1817-இல் வெளியிட்டு, நேரில் பார்க்காததே தன் நடுநிலைக்கு உதவியது என்று முன்னுரையில் வாதாடியவர் அவர். மகனும் இந்தியாவுக்கு வந்ததில்லை. ஆனால் 35 ஆண்டுகள், இந்தியாவிலிருந்த அரசுகளுக்கு லண்டனிலிருந்து போக வேண்டிய உத்தரவுக் கடிதங்களை வரைவதே அவர் தொழிலாக இருந்தது. சுமார் 1,700 வரைவுகள் அவருடையவை. அவற்றில் பெரும்பகுதி சமஸ்தானங்களுடனான உறவைப் பற்றியது. 1856-இல் தந்தை வகித்த அதே தலைமைப் பொறுப்புக்கு அவரும் உயர்ந்தார்.

1857 கிளர்ச்சிக்குப் பிறகு கம்பெனியின் கையிலிருந்து ஆட்சியைப் பறிக்கப் பாராளுமன்றம் முனைந்தபோது, அதை எதிர்த்துக் கம்பெனியின் சார்பில் மனு வரைந்தவர் மில்தான். அதன் தொடக்கத்தை நீங்கள் ஒருமுறை படிக்க வேண்டும். கம்பெனி தன் சொந்தச் செலவில், தன் சொந்த ஆட்களைக் கொண்டு, கிழக்கில் ஒரு மகத்தான பேரரசை இங்கிலாந்துக்குச் சம்பாதித்துக் கொடுத்தது என்றும், அதே காலத்தில் பாராளுமன்றத்தின் மேற்பார்வையிலிருந்த அமைச்சரவைகள் அட்லாண்டிக்கின் மறுகரையில் இன்னொரு பேரரசைத் தொலைத்துக்கொண்டிருந்தன என்றும் அது பெருமிதத்தோடு ஆரம்பிக்கிறது. சம்பளத்துக்காக மட்டும் எழுதுகிறவர் இந்த வேகத்தில் எழுதமாட்டார். கம்பெனியின் ஆட்சி முடிந்ததும் புதிய இந்திய கவுன்சிலில் தருவதாகச் சொன்ன இடத்தை மறுத்துவிட்டு, ஆண்டுக்கு 1,500 பவுன் ஓய்வூதியத்துடன் விலகினார். அதற்கு அடுத்த ஆண்டு, 1859-இல், உங்கள் பாடநூல் வெளிவந்தது.

அந்த நூலின் முதல் அத்தியாயத்திலேயே உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது. பிறருக்குத் தீங்கு வராத வரையில் ஒரு மனிதனின் செயலில் சமூகம் தலையிடக் கூடாது என்ற கோட்பாட்டைச் சொன்ன சூட்டோடு, இது வயதுவந்தவர்களுக்கு மட்டுமே பொருந்தும், குழந்தைகளுக்குப் பொருந்தாது என்கிறார். யாரும் மறுக்க முடியாத இந்த விதிவிலக்கைத் தொட்டடுத்தே, இனமே இன்னும் சிறுபிராயத்தில் இருக்கும் சமூகங்களையும் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை என்கிறார். முன்னேற்றமே நோக்கமாக இருந்து, அந்த முன்னேற்றம் உண்மையிலேயே கைகூடுமானால், நாகரிகமடையாதவர்களை எதேச்சாதிகாரத்தால் ஆள்வது நியாயமான ஆட்சிமுறைதான். அத்தகைய மக்கள் ஓர் அக்பருக்கோ ஒரு சார்லமேனுக்கோ கீழ்ப்படிந்து நடப்பதைத் தவிர வேறு வழியில்லை, அப்படி ஒருவர் கிடைத்தால் அதுவே அவர்கள் அதிர்ஷ்டம் என்கிறது அந்தப் பத்தி. நம்முடைய வகுப்பறைகளில் இந்தப் பத்தியைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறோம்.

ஆகவே மில்லிடம் கொள்கை ஒன்று, நடத்தை ஒன்று என்று இரண்டு இல்லை. விதிவிலக்கு அந்தக் கொள்கைக்குள்ளேயே கட்டப்பட்டிருக்கிறது. என்னை உறுத்துவது அந்த விதிவிலக்கின் அமைப்பு. ஒரு குழந்தையின் சொத்துக்குப் பாதுகாவலர் நியமிக்கப்பட்டால், அந்தக் குழந்தைக்கு எந்த வயதில் சொத்து திரும்பக் கிடைக்கும் என்று சட்டம் முன்கூட்டியே சொல்லிவிடும். அதுவரை பாதுகாவலர் நீதிமன்றத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும். கணக்கில் தவறிருந்தால் குழந்தையின் சார்பில் வழக்குப் போடலாம். மில்லின் ஏற்பாட்டில் ஒரு மக்கள் கூட்டம் எந்த ஆண்டில் வயதுக்கு வரும் என்று எங்கும் எழுதப்படவில்லை. வயதுக்கு வந்துவிட்டதா என்று தீர்மானிக்கும் அதிகாரமோ, அந்த மக்கள் வயதுக்கு வராமல் இருப்பதால் வருமானம் பெறுகிறவர்களிடமே இருந்தது.

அவருக்கு இது தெரியாமல் போகவில்லை என்பதுதான் இதில் வேதனையான பகுதி. 1861-இல் பிரதிநிதித்துவ ஆட்சியைப் பற்றி அவர் எழுதிய நூலின் கடைசி அத்தியாயம், சுதந்திர நாடு ஒன்று தன் ஆட்சிக்குட்பட்ட நாடுகளை எப்படி ஆளவேண்டும் என்பதைப் பற்றியது. ஒரு மக்கள் தம்மைத் தாமே ஆள்வதற்குப் பொருள் உண்டு, ஒரு மக்கள் இன்னொரு மக்களை ஆள்வது என்பது இல்லாத ஒன்று, அது இருக்கவும் முடியாது என்று அங்கே எழுதுகிறார். ஒரு மக்கள் இன்னொரு மக்களைப் பணம் சம்பாதிக்கும் இடமாக, மனித மாட்டுப்பண்ணையாக, தம் லாபத்துக்கு வைத்துக்கொள்ளத்தான் முடியும் என்கிறார். இந்தியாவில் குடியேறும் ஆங்கிலேயர்கள் அந்நாட்டு மக்களைக் காலடித் தூசாக நினைப்பார்கள் என்றும் அதே அத்தியாயத்தில் எச்சரிக்கிறார். இவ்வளவு தெளிவாகப் பார்த்தவர் வந்து சேரும் முடிவு, ஆங்கிலேயர் வெளியேற வேண்டும் என்பதல்ல. பாராளுமன்றத்தின் சலசலப்பிலிருந்து தள்ளி நின்று, எல்லாவற்றையும் எழுத்தில் பதிவுசெய்து ஆளும் திறமையான அதிகாரிகள் குழு ஒன்று வேண்டும் என்பது. அதாவது லெடன்ஹால் தெரு அலுவலகம் போன்ற ஒன்று.

அவருக்கு நியாயம் செய்ய இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மெக்காலேயின் கல்விக் குறிப்பு வந்தபோது, சமஸ்கிருத, அரபுக் கல்விக்கான ஆதரவை விலக்கி ஆங்கிலத்தை மட்டும் வளர்க்கும் அந்த முடிவைக் கண்டித்து 1836-இல் கடித வரைவு எழுதியவர் மில். கம்பெனியைக் கண்காணிக்க அரசு அமைத்திருந்த கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவர் ஹாப்ஹவுஸ் அதை அனுப்பவிடாமல் நிறுத்திவிட்டார். அன்றாட நிர்வாகத்தில் அவர் பலரைவிட நிதானமானவர். ஆட்சி யாருடையது என்ற அடிப்படைக் கேள்வியில் அந்த நிதானம் எந்த மாற்றத்தையும் உண்டாக்கவில்லை.

அந்தக் காலத்து மனிதரை இந்தக் காலத்து அளவுகோலால் அளப்பது நியாயமா? 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் எல்லோரும் அப்படித்தானே நினைத்தார்கள்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

எல்லோரும் அப்படி நினைத்திருந்தால் உங்கள் வாதத்தை ஏற்றுக்கொள்வேன். ஆனால் மில் பிறந்த 1806-க்கு முன்பே ஐரோப்பாவில் இதற்கு எதிரான குரல்கள் பலமாக ஒலித்திருந்தன. மில்லுக்கு ஆசான் போல இருந்த பெந்தம், உங்கள் குடியேற்ற நாடுகளை விடுவித்துவிடுங்கள் என்று பிரெஞ்சுப் புரட்சியாளர்களுக்கு 1793-இல் எழுதினார். வாணிகக் கிடங்கு அமைக்கிறோம் என்ற சாக்கில் இந்துஸ்தானத்துக்குள் அந்நியப் படைகள் நுழைந்து ஒடுக்குமுறையையும் பஞ்சத்தையும் கொண்டுவந்ததை ஜெர்மன் தத்துவஞானி கான்ட் 1795-இல் நிரந்தர அமைதி பற்றிய தன் கட்டுரையில் கண்டித்தார். பிரெஞ்சு எழுத்தாளர் திதரோ அதற்கும் முன்பே இதைவிடக் கடுமையாக எழுதியிருக்கிறார். மில்லின் கைக்கு எட்டாத எழுத்துக்கள் அல்ல இவை.

நீங்கள் தஞ்சையிலிருந்து எழுதுவதால், எட்மண்ட் பர்க்கைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன். பிரெஞ்சுப் புரட்சியை எதிர்த்ததால் பழமைவாதத்தின் தந்தை என்று பெயர் வாங்கியவர் அவர்.

18-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆற்காட்டு நவாபு முகமது அலி, சென்னையிலிருந்த கம்பெனி ஊழியர்களிடமே பெருந்தொகைகளைக் கடனாக வாங்கிக் குவித்திருந்தார். பால் பென்ஃபீல்ட் போன்றவர்கள் கொழுத்த வட்டிக்குக் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாகக் கிராமங்களின் வரி வருவாயை எழுதி வாங்கிக்கொண்டார்கள். 1773-இல் கம்பெனிப் படையின் துணையோடு நவாபு தஞ்சாவூரைப் பிடித்தார். 1776-இல் அது துளஜா மன்னரிடம் திரும்பி வந்ததும், தஞ்சையின் விளைச்சல் தமக்கு ஈடு வைக்கப்பட்டது என்று பென்ஃபீல்ட் உரிமை கோரினார். பிறகு லண்டன் அரசு, இந்தக் கடன்கள் உண்மையானவையா என்று விசாரிக்காமலேயே கர்நாடகப் பகுதியின் (இன்றைய கர்நாடக மாநிலம் அல்ல, ஆற்காட்டு நவாபின் ஆட்சிப்பகுதி) வருவாயிலிருந்து அடைக்க முடிவு செய்தது. அதை எதிர்த்து 1785 பிப்ரவரி 28 அன்று பர்க் பாராளுமன்றத்தில் பேசினார்.

நம்மூர் ஏரிகளைப் பற்றி அந்தப் பேச்சில் நீண்ட பகுதி வருகிறது. கர்நாடகத்திலும் தஞ்சையிலும் பெரியதும் நடுத்தரமுமாகப் பத்தாயிரத்துக்குக் குறையாத நீர்த்தேக்கங்கள் இருக்கும் என்று கணக்குச் சொல்கிறார். மழையை நம்பி வாழும் நாட்டில் மண்கரை எழுப்பி, கல்லால் கட்டி, தலைமுறைகளுக்கும் நிற்கும்படி அவற்றை உண்டாக்கிய அரசர்களை மக்களின் தந்தையர் என்று போற்றுகிறார். அவற்றைப் பழுதுபார்க்க வேண்டிய பணம் வட்டிக்காரர்களின் பையில் போய்ச் சேர்வதைச் சுட்டிக்காட்டுகிறார். இந்தியாவுக்கு வராத ஒருவர், லண்டனில் நின்றுகொண்டு, ஓர் ஏரி எதற்காக வெட்டப்படுகிறது, அதை யார் பராமரிக்க வேண்டும், பணம் நின்றுபோனால் என்ன ஆகும் என்று சபைக்கு விளக்கினார். நேரில் வராதது பர்க்குக்கும் பொருந்தும், ஜேம்ஸ் மில்லுக்கும் பொருந்தும். ஒருவர் இந்த மக்களுக்கும் ஒரு வரலாறும் திறமையும் உண்டு என்ற எண்ணத்தோடு ஆவணங்களைப் படித்தார். மற்றவர் இவர்கள் நாகரிக ஏணியின் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று அளக்கப் படித்தார்.

பர்க்கை நாயகனாக்க வேண்டியதில்லை. அவருடைய நெருங்கிய உறவினராகக் கருதப்பட்ட வில்லியம் பர்க், தஞ்சை மன்னரின் முகவராக இருந்தவர். எட்மண்டின் ஆவேசத்தில் அந்தத் தொடர்புக்கும் பங்கு உண்டு என்று அன்றே பேசினார்கள். பேரரசைக் கைவிட வேண்டும் என்றும் அவர் சொன்னதில்லை. அவர் கேட்டது வேறு. மனிதர்மேல் செலுத்தும் அரசியல் அதிகாரம் எதுவானாலும் அது ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு, பொறுப்பென்றால் கணக்குச் சொல்லியாக வேண்டும் என்று 1783-லேயே சொன்னார். அந்தக் கணக்கைக் கேட்டுத்தான், வங்காளத்தின் தலைமை ஆளுநராக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் மேல் 1788 முதல் 1795 வரை பிரபுக்கள் சபையில் வழக்கு நடத்தினார். ஹேஸ்டிங்ஸ் விடுதலையானார். வழக்கு தோற்றாலும், அந்தக் கேள்வியை அந்தக் காலத்தில் கேட்க முடிந்தது, கேட்டார்கள் என்பதற்கு அது சாட்சி. ஆகவே மில்லை நாம் இன்றைய அளவுகோலால் அளக்க வேண்டிய தேவையே இல்லை. அவருக்கு 70 ஆண்டுகளுக்கு முந்தைய அளவுகோலே போதும்.

இது பிரிட்டிஷ்காரர்களின் குறை மட்டும்தானா? சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று முழங்கிய பிரெஞ்சுக்காரர்கள் எப்படி?
— வாசகர், புதுச்சேரி

அங்கும் இதே முடிச்சுதான், இன்னும் இறுக்கமானது. அலெக்சிஸ் டோக்வில் என்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க ஜனநாயகத்தைப் பற்றி 1835-லும் 1840-லும் இரண்டு பகுதிகளாக அவர் எழுதிய நூல் இன்றும் உலகமெங்கும் பாடமாக இருக்கிறது. 1831-ஆம் ஆண்டின் கடுங்குளிரில் மிசிசிப்பி ஆற்றங்கரையில், மெம்ஃபிஸ் என்ற ஊரில், தம் நிலத்திலிருந்து துரத்தப்பட்ட சாக்டா பழங்குடியினர் ஆற்றைக் கடப்பதை அவர் பார்த்தார். காயம்பட்டவர்களும், பிறந்த குழந்தைகளும், சாகும் தறுவாயிலிருந்த முதியவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அழுகையோ முறையீடோ கேட்கவில்லை. எல்லோரும் படகில் ஏறிவிட்டார்கள், அவர்களுடைய நாய்கள் கரையில் நின்றன. தங்களை விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று தெரிந்ததும் அவை ஊளையிட்டுக்கொண்டு பனிக்கட்டி மிதந்த நீரில் பாய்ந்து படகின் பின்னால் நீந்தின. இதை மறக்கவே முடியாது என்று தன் நூலில் எழுதினார்.

பத்தாண்டுகள் கழித்து, 1841-இல், அவர் அல்ஜீரியாவுக்குப் போனார். பிரான்ஸ் அதை 1830-இல் ஆக்கிரமித்திருந்தது. அப்துல் காதிரின் தலைமையில் எதிர்ப்புப் போர் நடந்துகொண்டிருந்தது. திரும்பி வந்து எழுதிய, அவர் வாழ்நாளில் அச்சேறாத கட்டுரையில், பயிரை எரிப்பதும், தானியக் குழிகளைக் காலிசெய்வதும், ஆயுதமில்லாத ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும் பிடிப்பதும் வருந்தத்தக்கவைதான், ஆனால் அரபுக்களோடு போர்செய்ய விரும்பும் எந்த நாடும் இந்த அவசியத்துக்கு உட்பட்டே ஆகவேண்டும் என்று குறித்தார். அவர் மனித இனங்களுக்கிடையே பிறவி ஏற்றத்தாழ்வு உண்டு என்று நம்பியவரல்லர். அப்படி நம்பிய தன் நண்பர் கோபினோவைக் கடுமையாக மறுத்தவர். பிரெஞ்சுக் காலனிகளில் அடிமைமுறையை ஒழிக்க 1839-இல் பாராளுமன்றத்தில் அறிக்கை தந்தவர். பிரான்ஸ் ஐரோப்பாவில் தன் மதிப்பை இழந்துவிடக் கூடாது, தேச மக்களுக்கு ஒரு பெரிய லட்சியம் வேண்டும் என்பதே அவர் கவலை. அந்தக் கவலைக்கு அல்ஜீரிய விவசாயியின் வயல் விலையாயிற்று.

1847-இல் அவரே தயாரித்த பாராளுமன்ற அறிக்கையில், நாம் வருவதற்கு முன்பு இருந்ததைவிட இஸ்லாமியச் சமூகத்தை அதிக வறுமையிலும் சீர்குலைவிலும் அறியாமையிலும் தள்ளிவிட்டோம் என்று ஒப்புக்கொண்டார். நாகரிகப்படுத்தவே ஆள்கிறோம் என்ற வாதத்துக்கு இதைவிடப் பெரிய மறுப்பு கிடையாது. ஆனாலும் ஆட்சியைக் கைவிட வேண்டும் என்று அவர் பரிந்துரைக்கவில்லை.

ஜமைக்காவில் கறுப்பின மக்களைக் கொன்ற ஆளுநருக்கு எதிராக மில் போராடினார் என்று படித்திருக்கிறேன். அதை ஏன் சொல்லாமல் விடுகிறீர்கள்?
— வங்கி ஊழியர், ஈரோடு

சொல்ல வேண்டியதுதான். 1865 அக்டோபரில் மொரன்ட் பே என்ற ஊரில் எழுந்த கலகத்தை ஒடுக்க ஆளுநர் எட்வர்ட் ஐயர் இராணுவச் சட்டம் அறிவித்தார். விசாரணைக் குழுவின் கணக்குப்படி 439 பேர் கொல்லப்பட்டார்கள், சுமார் 600 பேர் சவுக்கடி பட்டார்கள், ஆயிரம் வீடுகள் எரிக்கப்பட்டன. சட்டமன்ற உறுப்பினரான ஜார்ஜ் வில்லியம் கார்டனை, இராணுவச் சட்டம் இல்லாத இடத்தில் கைதுசெய்து, அது இருந்த இடத்துக்குக் கொண்டுபோய்த் தூக்கிலிட்டார்கள். அப்போது பாராளுமன்ற உறுப்பினராக இருந்த மில், ஜமைக்கா குழுவின் தலைவராகி, ஐயர்மேல் கொலைக்குற்றம் சாட்டப் பாடுபட்டார். டார்வின் அவர் பக்கம் நின்றார். எழுத்தாளர்களான கார்லைலும் டிக்கன்ஸும் டென்னிசனும் ஐயரின் பக்கம் நின்றார்கள். மில்லுக்குக் கொலை மிரட்டல் கடிதங்கள் வந்தன. ஐயர் தண்டிக்கப்படவே இல்லை.

இந்தப் போராட்டத்தை நான் உளமார மதிக்கிறேன். ஆனால் மில் அங்கே கேட்டது, பிரிட்டிஷ் அதிகாரி பிரிட்டிஷ் சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்பது. ஜமைக்காவை யார் ஆளவேண்டும் என்பது அவருடைய வழக்கில் இடம்பெறவில்லை.

வ.உ.சி.க்கு விதித்த தண்டனையை லண்டனிலிருந்த இந்தியா மந்திரி மார்லியே கண்டித்தார் என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். அப்படியானால் தாராளவாதிகள் ஆட்சியில் இருந்தது நமக்கு நன்மைதானே?
— வாசகர், தூத்துக்குடி

கண்டித்தது உண்மை. அதை முழுமையாகப் பார்ப்போம்.

ஜான் மார்லி மில்லின் நெருங்கிய சீடர். 1905 டிசம்பரில் தாராளவாதிகளின் லிபரல் கட்சி ஆட்சிக்கு வந்து அவர் இந்தியா மந்திரியானபோது, இங்குள்ள மிதவாதத் தலைவர்கள் மிகுந்த நம்பிக்கை கொண்டார்கள். மில்லையும் மார்லியையும் படித்தே அரசியல் கற்றவர்கள் அவர்கள். வங்காளப் பிரிவினை முடிந்துபோன விஷயம் என்று அடுத்த ஆண்டே மார்லி அறிவித்தார். 1907 மே மாதம் லாலா லஜபதி ராய் விசாரணை எதுவும் இல்லாமல் பர்மாவுக்கு நாடுகடத்தப்பட்டார். 1818-ஆம் ஆண்டின் பழைய ஒழுங்குமுறை ஒன்று அதற்குப் பயன்பட்டது. கனடாவுக்குக் கொடுத்த தன்னாட்சியை இந்தியாவுக்கும் கொடுக்கலாமே என்று கேட்டவர்களுக்கு, கனடாவின் குளிருக்கு ஏற்ற உரோம அங்கியைத் தக்காணத்தில் போட்டுக்கொள்ள முடியுமா என்று பதில் சொன்னவர் அவர்.

1908 மார்ச் 12 அன்று வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது, துப்பாக்கிச்சூட்டில் நால்வர் இறந்தார்கள். ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே, வ.உ.சி.க்கு ஆயுள் தண்டனையும் சிவாவுக்குப் பத்தாண்டுத் தண்டனையும் விதித்தார். அந்த மாதமே மார்லி வைஸ்ராய் மிண்டோவுக்கு எழுதிய கடிதத்தில், திருநெல்வேலிக்காரர் இருவருக்கும் விதித்த தண்டனைகளை எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாது, இத்தகைய கொடுமையான காரியங்களுக்காக நான் வாதாட ஒப்பமாட்டேன், ஒழுங்கைக் காக்கத்தான் வேண்டும், ஆனால் அளவுமீறிய கடுமை ஒழுங்குக்குக் கொண்டுபோகாது, வெடிகுண்டுக்குத்தான் கொண்டுபோகும் என்று எழுதினார். மேல்முறையீட்டில் தண்டனை ஆறாண்டுகளாகக் குறைந்தது. வ.உ.சி. செக்கிழுத்த பிறகு 1912 டிசம்பரில் வெளியே வந்தார். 1906-இல் அவர் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி அதற்குள் இல்லாமலே போயிருந்தது.

மார்லியின் கடிதத்தில் எனக்கு ஐயமில்லை. மனம் பதறித்தான் எழுதியிருக்கிறார். ஆனால் அது மிண்டோவுக்குத் தனிப்பட்ட முறையில் போன கடிதம். அதற்கு முந்தைய மாதம்தான், கலகத்தைத் தூண்டியதாகக் கருதும் பத்திரிகைகளின் அச்சகத்தைப் பறிமுதல் செய்ய வழிசெய்த சட்டம் அவர் பொறுப்பில் நிறைவேறியிருந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் பாரதி பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குப் போய்விட வேண்டியிருந்தது. டிசம்பரில், தன் சீர்திருத்தங்களைப் பிரபுக்கள் சபையில் விளக்கிய மார்லி, இவை இந்தியாவில் ஒரு பாராளுமன்ற முறைக்கு இட்டுச்செல்லும் என்று சொல்ல முடியுமானால் இவற்றோடு எனக்கு எந்தச் சம்பந்தமும் வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொன்னார். மில்லின் புத்தகத்தில் ஒரு பத்தியாக இருந்த விதிவிலக்கு 49 ஆண்டுகளில் அரசின் கொள்கையாக நின்றது இப்படித்தான். தண்டனையின் அளவைப் பற்றி அவர் வருந்தினார். ஒரு மனிதர் தன் நாட்டுக் கடலில் கப்பல் விட்டதற்கும், தன் ஊர் ஆலைத் தொழிலாளர்களுக்காகப் பேசியதற்கும் எதற்காகத் தண்டனை என்று கேட்கும் இடத்தில் அவர் இல்லை. நன்மை என்று நீங்கள் சொல்வது, ஆயுள் தண்டனைக்கும் ஆறாண்டுக்கும் உள்ள வித்தியாசம். அது ஒரு மனிதரின் வாழ்க்கையில் மிகப் பெரிய வித்தியாசம். ஒரு நாட்டின் உரிமையில் அல்ல.

அப்படியானால் இந்தச் சிந்தனையாளர்களையே ஒதுக்கிவிடலாமா? நம் அரசியல் சட்டத்தின் அடிப்படை உரிமைகள் இந்த மரபிலிருந்து வந்தவைதானே?
— இளம் வழக்கறிஞர், சென்னை

ஒதுக்க வேண்டாம். அந்த விதிவிலக்கை நீக்கிவிட்டு மீதியை எடுத்துக்கொண்டவர்கள் நம் முன்னோர். நவுரோஜி 1892-இல் லிபரல் கட்சி உறுப்பினராகவே பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்குள் போனார். இந்தியாவின் செல்வம் ஆண்டுதோறும் வெளியே வடிவதைப் பிரிட்டிஷ் அரசின் புள்ளிவிவரங்களைக் கொண்டே காட்டினார். சென்னையில் ஜி. சுப்பிரமணிய ஐயர் 1878-இல் ‘தி ஹிந்து’வையும் 1882-இல் ‘சுதேசமித்திர’னையும் தொடங்கியதற்குப் பின்னால், அரசைக் கேள்வி கேட்கப் பொதுமக்களுக்கு உரிமை உண்டு என்ற அதே கருத்துதான் இருந்தது.

ஆனால் நம்மவர்களும் அந்த விதிவிலக்கைத் தம் மக்கள்மேல் போட்டுப் பார்த்தார்கள். நாங்கள் படித்தவர்கள், எங்களுக்கு வாக்குரிமை வேண்டும், கூலிக்காரனுக்கும் தீண்டப்படாதவனுக்கும் இப்போது அவசரமில்லை என்று எண்ணிய தலைவர்கள் ஏராளம். 1919-இல், வாக்குரிமையைப் பற்றி விசாரித்த சவுத்பரோ குழுவின் முன் சாட்சியம் அளித்த அம்பேத்கர் இதைத்தான் உடைத்தார். தகுதி வந்த பிறகு வாக்கு என்ற வரிசையை அவர் ஏற்கவில்லை. ஆட்சியில் பங்குபெறுவதே கல்வி, அதை மறுத்துவிட்டுக் கல்வியில்லை என்று குறைசொல்வது நியாயமில்லை என்பது அவர் வாதத்தின் சாரம்.

இது எவ்வளவு பெரிய விலகல் என்று தெரிய, மில் தன் சொந்த நாட்டு ஏழைகளுக்கு விதித்த நிபந்தனையைப் பார்க்க வேண்டும். வாக்காளராகப் பதிவு செய்துகொள்ள வருகிறவர், பதிவாளரின் எதிரில் ஓர் ஆங்கில நூலிலிருந்து ஒரு வாக்கியத்தைப் பார்த்து எழுத வேண்டும், மூன்றின் விதிப்படி (தெரிந்த மூன்று எண்களைக் கொண்டு நான்காவதைக் காணும் முறை) ஒரு கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்று பிரதிநிதித்துவ ஆட்சி நூலில் எழுதியிருக்கிறார். படித்தவர்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாக்குகள் தரலாம் என்றும் சொல்கிறார். நம் அரசியல் சட்டத்தின் 326-ஆம் பிரிவு 21 வயது நிறைந்த ஒவ்வொருவருக்கும் ஒரே வாக்கு என்று எழுதியபோது நாட்டில் எழுத்தறிவு சுமார் 18 சதவீதம். 1951–52 தேர்தலில் ஏறத்தாழ 17.3 கோடி வாக்காளர்கள் இருந்தார்கள். ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி வைத்து, அதன்மேல் சின்னத்தை ஒட்டிவைத்தார்கள். படிக்கத் தெரியாதவர் சின்னத்தைப் பார்த்துச் சீட்டைப் போட்டார். குறைகளும் இருந்தன. சொந்தப் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் சொன்னதால் சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. அதற்குத் தீர்வாக அவர்களுக்குப் படிப்பு வரட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை; அடுத்த தேர்தலுக்குள் அவர்களைப் பெயரோடு பதிவுசெய்ய முயற்சி எடுத்தார்கள்.

திருச்சி மாணவிக்கும் உங்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: ‘சுதந்திரம் பற்றி’ நூலின் முதல் அத்தியாயத்தையும், பிரதிநிதித்துவ ஆட்சி நூலின் 8-ஆம், 18-ஆம் அத்தியாயங்களையும் ஒரே மூச்சில் அடுத்தடுத்துப் படியுங்கள். இரண்டு நூல்களும் பல பதிப்புகளில் ஒரே கட்டாகவே கிடைக்கின்றன. பர்க்கின் 1785 உரையில் ஏரிகளைப் பற்றிய பகுதியை அதன் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.